பாசி மிதவைக்கு நார்க்கயிறு: எந்த நார் கடலில் எத்தனை நாள் தாங்கும்?

வடகடல்_பாசி எழுதியது:

வணக்கம். மண்டபத்துக்குப் பக்கத்தில், பாக் விரிகுடாக் கரையில், பாசி வளர்க்கிற பெண்கள் குழு ஒன்றுக்குக் கணக்குவழக்குப் பார்க்கிறேன். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக: 12க்கு 12 அடியில் மூங்கில் மிதவை கட்டுவோம். அதில் வரிசையாகக் கயிறு இழுத்து, கயிறு நெடுக கப்பாஃபைகஸ் விதைப்பாசியைத் துண்டு துண்டாகக் கட்டிவிடுவோம். 45 நாள் வாக்கில் அறுவடை. மிதவையைப் பிடித்து நிறுத்தும் நங்கூரக் கயிறு தனி.

இப்போது எல்லாமே பிளாஸ்டிக். பெரிய கயிறுகள் திரும்பத் திரும்ப உதவும், அதில் குறை இல்லை. பாசித் துண்டைக் கட்டும் சிறு நூல்தான் தொல்லை. அறுவடையில் அறுத்துப் போடுகிறோம். கொஞ்சம் கரையில், கொஞ்சம் தண்ணீரில். பிறகு கரை ஒதுங்குகிற குப்பையில் எங்கள் நூலை நாங்களே அடையாளம் கண்டு வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

நாருக்கு மாறலாமா என்று குழுவில் பேச்சு. இழுவலிமை (அறாமல் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பது) அட்டவணை ஒன்று பார்த்தேன். ஆளி நார் 345 முதல் 1035 மெகாபாஸ்கல், சணல் 400 முதல் 770, சிசால் கற்றாழை 500க்கு மேல். தேங்காய் நார் வெறும் 130 முதல் 220! கடைசி இடம். ஆனால் எங்கள் தாத்தா காலத்துக் கரைவலைக்குத் தேங்காய்நார்க் கயிறுதான் போட்டார்கள். இருப்பதிலேயே பலவீனமானதை எதற்குக் கடலுக்குள் இறக்கினார்கள்? கையில் கிடைத்தது என்பதாலா?

---

முறுக்கு_எண் எழுதியது:

கோயம்புத்தூரில் நூல் சோதனைக் கூடத்தில் வேலை. சொந்த ஊர் உச்சிப்புளி, அதனால் கை அரிக்கிறது.

அட்டவணை சரிதான். நீங்கள் ஒரு பத்தியை மட்டும் படித்திருக்கிறீர்கள். பக்கத்துப் பத்தியில் அறும்போது நார் எத்தனை சதவீதம் நீள்கிறது என்று இருக்கும். சணல் ஒன்றரை சதவீதம் நீள்வதற்குள் பட்டென்று அறும். ஆளி மூன்று சதவீதம் வரை போகும். தேங்காய் நார் 15லிருந்து 40 சதவீதம் வரை நீண்டு கொடுத்துவிட்டுத்தான் அறும்.

அலை இழுப்பு என்பது மெதுவாக ஏற்றுகிற பாரம் கிடையாது, வெட்டி இழுப்பது. அப்போது கேட்க வேண்டியது, அறுவதற்குள் இந்த நார் எவ்வளவு ஆற்றலை விழுங்கும் என்று. குத்துமதிப்பாக, வலிமையையும் நீட்சியையும் பெருக்கிப் பாதி எடுங்கள். சணல்: 500 மெகாபாஸ்கல், 1.5 சதவீதம், கன மீட்டருக்கு 4 மெகாஜூல்கூட வராது. தேங்காய் நார்: 150 மெகாபாஸ்கல், 25 சதவீதம், 19க்குப் பக்கத்தில் வரும். உண்மையில் இன்னும் கூடும், ஏனென்றால் அது முதல் இரண்டு சதவீதம் விறைப்பாக நின்று, அப்புறம் இளகி நீள்கிற நார். அதன் வரைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு முக்கோணத்தைவிடப் பெரிது. ஆக, கடைசி இடத்து நார் ஐந்து மடங்கு அடி தாங்குகிறது. தாத்தா மெகாபாஸ்கல் அளக்கவில்லை, ஆனால் அறுகிற கயிறு எது, அறாத கயிறு எது என்று பார்த்தவர்.

ஏன் இப்படி? நாருக்குள் போக வேண்டும். தாவர நார் ஒவ்வொன்றும் செத்துப்போன செல்களின் கட்டு. ஒவ்வொரு செல்லும் நடுவில் துளை உள்ள குழாய். குழாயின் சுவரில் மெல்லிய முதல்நிலைச் சுவர், அதற்குள் இரண்டாம்நிலைச் சுவரின் மூன்று அடுக்குகள். அவற்றில் நடு அடுக்குதான் தடிமனில் பெரும்பங்கு. நாரின் குணத்தை முடிவு செய்வதும் அதுவே. அந்த அடுக்கில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் குழாயைச் சுற்றித் திருகாக ஏறுகின்றன. செல்லுலோஸ் படிகம் தன் நீளவாக்கில் ஏறக்குறைய 138 ஜிகாபாஸ்கல் விறைப்பு உடையது (எஃகு 200). அந்த விறைப்பு நாருக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது திருகின் சாய்வைப் பொறுத்தது.

சணலில் சாய்வு 8 டிகிரி போல, ஆளியில் 10க்குள். நுண்ணிழை கிட்டத்தட்ட நேராக ஓடுவதால் இழுத்தவுடன் பாரம் முழுக்க அதன் மேல். சிசாலில் 10லிருந்து 22 வரை. தேங்காய் நாரில் 40ஐத் தாண்டும். இழுத்தால் முதலில் திருகு நிமிர்கிறது, இடையில் ஒட்டுப்பசை போல உள்ள லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் நெகிழ்ந்து வழிவிடுகின்றன. சுருள்கம்பியை இழுப்பது மாதிரி. விறைப்பு 4 முதல் 6 ஜிகாபாஸ்கல்தான். சணலில் 13 முதல் 26.

உங்கள் கேள்வியில் மூன்று கயிறு இருக்கிறது: நங்கூரக் கயிறு, மிதவையில் இழுக்கும் வரிசைக் கயிறு, கட்டுநூல். மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

---

கரைவலை_பேரன் எழுதியது:

தொண்டிப் பக்கம். அப்பா, பெரியப்பா எல்லாரும் கரைவலைக்காரர்கள்.

கரைவலையில் வலை வேறு, கம்பா என்கிற இழுகயிறு வேறு. இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்கிற நீளக் கயிற்றுக்குத்தான் தேங்காய்நார். வலை பருத்தி நூல், சில இடங்களில் சணப்பை (பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற செடி) நூல். நைலான் பரவியது 1960கள், 70களில்தான். பருத்தி வலையோடு குடும்பம் நடத்துவது லேசான வேலை இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிடித்து வந்த வலையை அன்றன்றே அலசி வெயிலில் காயப்போட வேண்டும். ஈரத்தோடு குவித்து வைத்தால் சூடேறிப் புளித்து, தொட்டால் நூல் கையோடு வந்துவிடும். அதற்காகவே காய்ச்சுவார்கள்: பனிச்சங்காய்ச் சாறு, இல்லையென்றால் மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். வலை கருஞ்சிவப்பாக மாறும். கொஞ்ச காலம் தாங்கும், சாயம் போனதும் மறுபடி காய்ச்ச வேண்டும்.

தேங்காய்நார்க் கயிற்றை யாரும் காய்ச்சி நான் கேள்விப்பட்டதில்லை. அப்படியே கிடக்கும், அப்படியே உழைக்கும். ஏன் என்று முறுக்கு_எண் அண்ணன்தான் சொல்லணும்.

---

முறுக்கு_எண் எழுதியது:

தம்பி, அது லிக்னின். பருத்தியில் 85 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ், லிக்னின் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கடல் நுண்ணுயிருக்கு அது தயார் சாப்பாடு. தேங்காய் நாரில் லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல். செல்லுலோஸ் அதற்குள் புதைந்திருக்கிறது. நொதிகள் உள்ளே போகவே வழி தேட வேண்டும். சணலில் லிக்னின் 12, 13 சதவீதம், சிசாலில் 10க்கு மேல். அதனால் அவை நடுவில் நிற்கின்றன.

பனிச்சங்காயில் இருப்பது டானின் என்கிற துவர்ப்புப் பொருள். அது நூலின் மேல் படிந்து, நுண்ணுயிரின் நொதிப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கிவிடும். பருத்திக்கு லிக்னின் இல்லாத குறையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அண்டாவில் காய்ச்சி ஈடுகட்டியிருக்கிறார்கள்.

நனைந்தால் என்ன ஆகும் என்பது இன்னொரு விஷயம். பருத்தியும் ஆளியும் நனைந்தால் வலுக்கூடும். சணல் நனைந்தால் குறையும். காரணம் செல்லின் நீளத்தில் இருக்கிறது. பருத்தி இழை ஒவ்வொன்றும் தனிச் செல், 25, 30 மில்லிமீட்டர் நீளம். ஆளியின் செல்லும் அந்த நீளம் வரும். சணலின் செல் 2, 3 மில்லிமீட்டர், தேங்காய் நாரினுடையது ஒரு மில்லிமீட்டர் அளவு. நாம் 'ஒரு நார்' என்று கையில் எடுப்பது இப்படிப்பட்ட பல நூறு குட்டைச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டு. ஒட்டுவது பெக்டின், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். அந்த ஒட்டு நீரில் இளகினால் செல்கள் வழுக்கும். நீண்ட செல்லுக்கு அந்தக் கவலை குறைவு. ஈரம் உள்ளே போய் இறுக்கங்களைச் சமப்படுத்துவதால் பாரம் பரவலாகப் பகிரப்படுகிறது.

அதனால் கடைக்காரர் காய்ந்த நூலை இழுத்துக் காட்டி 'பாருங்க எவ்வளவு பலம்' என்றால் நம்பாதீர்கள். ஊறவைத்து இழுக்கச் சொல்லுங்கள்.

---

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

எல்லாம் சரி. நான் வேண்டாதவன் பேச்சாகப் பேசுகிறேன்.

பிளாஸ்டிக் நூல் அறாது, விலை குறைவு, வழுவழுப்பாக இருப்பதால் கண்ட பாசியும் சிப்பியும் அதிகம் ஒட்டாது. நார் நூல் நாலாவது வாரத்தில் அறுந்தால் விதைப்பாசி போச்சு, நஷ்டம் அந்தப் பெண்களுக்கு. சுற்றுச்சூழல் பேசுகிற யாரும் அந்தப் பணத்தைத் தரப்போவதில்லை.

இன்னொன்று. அறுந்த பாசி சும்மா கரைந்து போகாது. கப்பாஃபைகஸ் இந்த ஊர்ச் செடி இல்லை. குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் அது படர்ந்தது 2008லேயே பதிவாகியிருக்கிறது. மிதந்து போகிற துண்டு எங்கேயாவது ஒட்டினால் வளரும். மட்கும் நூல் போட்டு பாசியை மிதக்கவிடுவதைவிட, பிளாஸ்டிக் நூலை ஒழுங்காகப் பொறுக்கினால் போதாதா?

---

வடகடல்_பாசி எழுதியது:

நல்ல கேள்வி, இதை எங்கள் குழுவில் யாரும் யோசிக்கவில்லை. பொறுக்கத்தான் பார்க்கிறோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடுத்த மிதவைக்கு நேரமாகிறது என்கிற அவசரத்தில் கைக்கு அகப்படாதது போய்விடும். ஆளைக் குறை சொல்லி அது தீராது.

ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்கு வேறு ஒன்று புரிகிறது. எங்களுக்கு வேண்டியது ரொம்பப் பலமான நூலும் இல்லை, சீக்கிரம் மட்குகிற நூலும் இல்லை. 45 நாளுக்கு உறுதியாக நிற்கணும், பிசகினால் இன்னும் இரண்டு வாரம். அதற்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் போனாலும் நல்லது. ஒரு பாசித்துண்டு நடும்போது 150 கிராம் வாக்கில் இருக்கும், பிறகு பல மடங்கு பெருக்கும். அந்தப் பாரத்துக்கு எந்த நூலும் போதும். நாள் கணக்குதான் முக்கியம்.

---

முறுக்கு_எண் எழுதியது:

அதேதான். கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டீர்கள், அட்டவணையை மூடி வைக்கலாம்.

நங்கூரக் கயிற்றை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. அது அறுந்தால் மிதவையே போகும், சும்மா_கேட்கிறேன் சொன்ன ஆபத்து நூறு மடங்காகும். அது தொலைவதும் அபூர்வம். அதைப் பிளாஸ்டிக்காகவே விட்டு, வருடா வருடம் பாருங்கள். பாலிபுரோப்பிலீனைக் கடல் தின்னாது, வெயில் தின்னும். தண்ணீருக்கு மேல் நிற்கிற பகுதியில் தூள் தூளாக உதிர ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டும்.

வரிசைக் கயிற்றில் எடைப் பிரச்சினை உண்டு. பாலிபுரோப்பிலீன் அடர்த்தி 0.91, கடல்நீர் 1.025, அது மிதக்கும். செல்லுலோஸ் நார்களின் சுவர் அடர்த்தி 1.5க்குப் பக்கம். தேங்காய்நார்க் கயிறு புதிதில் மிதக்கும், செல் துளைகளிலும் கயிற்றின் இடுக்கிலும் காற்று இருப்பதால். ஊற ஊறக் காற்று வெளியேறி, மிதவையைக் கீழே இழுக்கத் தொடங்கும். மூங்கிலும் பழசாகி ஊறியிருந்தால் பாசி தேவைக்கு மேல் தாழ்ந்து, வெளிச்சம் குறையும். தவிர, அந்த முரட்டு மேற்பரப்பில் வேண்டாத பாசி ஒட்டும் என்று மேலே சொன்னது உண்மை.

மீதி கட்டுநூல். அங்கேதான் நாருக்கு வேலை.

---

சாயல்குடி_அக்கா எழுதியது:

பனையை யாருமே சொல்லவில்லையே! ராமநாதபுரம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஆளி நார் பற்றிப் பேசுகிறீர்கள்.

நாங்கள் மட்டையில் நார் உரிக்கிறவர்கள். ஒரே மட்டையில் இரண்டு சரக்கு இருக்கிறது. வெளிப்பக்கம் உரிப்பது புறணி: கருப்பாக, வழவழவென்று, கெட்டியாக இருக்கும். உள்பக்கம் அகணி: வெளுப்பு, மெத்து. கட்டில் பின்ன, பெட்டி விளிம்பு கட்ட, வேலி கட்ட எல்லாம் இந்த நார்தான். ஊறவைத்தால் கையில் குழைந்து வரும், இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டால் காயும்போது இறுகும். அடிமட்டையைத் தட்டி எடுக்கிற தும்பு வேறு; அது தூரிகைக்கும் துடைப்பத்துக்கும் போகிறது, அதை நூலாக வளைக்க முடியாது.

கட்டுநூலுக்குப் புறணி நாரைக் கிழித்துக் கொடுத்தால் என்ன? முறுக்கவே வேண்டாம்.

---

முறுக்கு_எண் எழுதியது:

அக்கா, புறணி ஏன் கெட்டி என்பதற்கு மட்டையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தாலே போதும். வெட்டுமுகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது சாற்றுக்குழாய்க் கட்டுகள். ஒவ்வொன்றையும் தடித்த சுவருள்ள நார்ச்செல்கள் உறை போலச் சூழ்ந்திருக்கும். தோலுக்குப் பக்கத்தில் அந்தக் கட்டுகள் நெருக்கமாக, உறை தடிமனாக. உள்ளே போகப் போகத் தள்ளித் தள்ளி, இடையில் மெத்தென்ற திசு. வளையும்போது இழுப்பும் அழுத்தமும் ஓரத்தில்தான் அதிகம், காற்றில் ஆடுகிற கனத்த ஓலையைத் தாங்க மரம் சரக்கை அங்கே கொண்டுபோய் அடுக்கியிருக்கிறது. பொறியாளர்கள் குழாய்க் கம்பத்தில் செய்கிற கணக்கு.

ஒரு சந்தேகம் மட்டும். பனைநார் ஒற்றைப் பட்டையாக இருக்கிறது. பட்டையில் ஓர் இடத்தில் கீறல் விழுந்தால் அது நீளவாக்கில் ஓடி, அதோடு பிளந்துவிடும். முறுக்கிய நூலில் நூறு நார் இருக்கும். ஒன்று அறுந்தாலும் மற்றவை உராய்வில் பிடித்துக்கொள்ளும். முறுக்குக்கும் அளவு உண்டு. குறைந்தால் நார்கள் வழுக்கும். கூடினால் எல்லா நாரும் சாய்வாக நின்று, நீளவாக்கில் தாங்குவது குறையும். செல்சுவரில் திருகின் சாய்வு பற்றிச் சொன்னேனே, நூலிலும் அதே கணக்கு இன்னொரு தடவை வருகிறது.

இன்னொன்று, காயும்போது இறுகுகிற முடிச்சு கடலில் காயவே போவதில்லை. ஊறியே கிடக்கும். இளகுமா, நிற்குமா என்று இறக்கித்தான் பார்க்கணும்.

---

சாயல்குடி_அக்கா எழுதியது:

பார்ப்போம். நார் நான் தருகிறேன். காசு வேண்டாம், முடிவு மட்டும் சொல்லுங்கள்.

---

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

பேச்சு கொஞ்சம் விலகுகிறது, மன்னிக்கவும். இவ்வளவு பலம் என்றால் பைபர் போட்டில் கண்ணாடி இழைக்குப் பதில் தாவர நார் போடலாமே? எங்கள் பக்கம் உடைந்த பைபர் வத்தை கரையெல்லாம் கிடக்கிறது. எரிக்கவும் முடியாது, மட்கவும் மட்காது.

---

முறுக்கு_எண் எழுதியது:

விறைப்பை எடையால் வகுத்துப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். கண்ணாடி இழை 70 ஜிகாபாஸ்கல், அடர்த்தி 2.5, வகுத்தால் 28. நல்ல ஆளி நார் 50ஐத் தாண்டும், அடர்த்தி 1.5, 33க்கு மேல். அதை வைத்துத்தான் கார் கதவின் உள்பலகை போன்றவற்றில் ஆளி, சணல், புளிச்சை வகை நார்கள் ஏறின.

ஆனால் வலிமையில் கண்ணாடி இழை 2000 மெகாபாஸ்கலுக்கு மேல், அங்கே போட்டி இல்லை. அதைவிடப் பெரிய தடை தண்ணீர். நார் ஈரத்தைக் குடித்துப் பக்கவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சணல் சாதாரணக் காற்றிலேயே 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடித்துவைக்கிற சாதி. நாரைப் பிடித்து வைக்கிற ரெசின் உப்பாது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வெடிப்பு விழும், அது வழியாக இன்னும் தண்ணீர். நார் நீர்விரும்பி, ரெசின் அப்படி இல்லை, ஒட்டுதலே அரைகுறை. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நாரை ஊறவைத்து மெழுகையும் ஹெமிசெல்லுலோஸையும் கொஞ்சம் நீக்கினால் மேற்பரப்பு சொரசொரப்பாகி ஒட்டு கூடும். அதிக நேரம் போட்டால் நாரே கெடும்.

படகின் மூடி, ஐஸ் பெட்டியின் மேல்பலகை, இருக்கை: தாராளமாக. நீருக்குள் நிற்கிற அடிப்பாகத்துக்கு நான் ஏறமாட்டேன்.

---

மட்டைமில் எழுதியது:

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்நார் ஆலை. நார் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். நாங்கள் இயந்திரத்தில் அடித்து எடுப்பது முற்றிய காயின் பழுப்பு நார். லிக்னின் அதிகம், முரடு, மெத்தைக்கும் மிதியடிக்கும் போகும். மெல்லிய கயிறு திரிக்க வெள்ளை நார் நல்லது: முற்றாத காயின் மட்டையை உப்பங்கழியில் ஆறு மாதத்துக்கு மேல் ஊறவைத்து அடித்து எடுப்பது. கேரளக் காயல்களில் செய்வது அதுதான். ஊறுகிற தண்ணீரின் நாற்றம் ஊரையே தூக்கும், அந்தத் தண்ணீரில் மீனும் நிற்காது. அதனால் இராமநாதபுரம் கடற்கரையில் யாரும் புதிதாக அதை ஆரம்பிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாசித்துண்டு கட்ட எங்கள் கயிறு தடிமன் அதிகம், பாசியின் தண்டை அறுக்கும். வியாபாரி நானே சொல்கிறேன், அதற்குத் தேங்காய் நார் சரிவராது. எங்கள் சரக்குக்கு உங்கள் ஊரில் வேறு வேலை இருக்கிறது: மணல்மேடு.

---

மணல்மேடு எழுதியது:

அழைத்தது போல இருக்கிறது! வாலிநோக்கம் பக்கம் இருந்து எழுதுகிறேன். தேங்காய்நார் வலைவிரிப்பு மண் அரிப்புக்குப் போடுகிறார்கள் என்று தெரியும். 2020ல் கிராமச் சாலைகளுக்கும் மத்திய அரசு அனுமதித்தது. எங்கள் மணல்மேட்டில் போட்டால் நிற்குமா? கச்சான் காற்றில் மணல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

---

மட்டைமில் எழுதியது:

சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்று எடை வாரியாக வருகிறது. எடை கூடினால் கண் சிறிது. உங்களுக்கு 700 போதும் என்று நினைக்கிறேன். ரொம்ப நெருக்கமானால் செடி முளைத்து வர இடம் இருக்காது. விளிம்பைப் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அடியில் புகுந்து பாயைச் சுருட்டி எறிந்துவிடும்.

விரிப்பு மட்டும் மேட்டைக் காப்பாற்றாது. அது இரண்டு மூன்று வருடம் மணலைப் பிடித்து, கொஞ்சம் ஈரத்தையும் வைத்துக்கொடுக்கும். அதற்குள் ராவணன் மீசைப் புல்லும் அடும்புக்கொடியும் வேர் இறக்கிவிடணும். சணல் விரிப்பு விலை குறைவு, ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டினால் பெரிது, செடி பிடிப்பதற்குள் போய்விடும். பிளாஸ்டிக் விரிப்பு செடி வளர்ந்த பிறகும் கிடந்து, கிழிந்து, ஆமை முட்டையிட வருகிற கரையில் வலையாக மாட்டும்.

நங்கூரக் கயிற்றுக்கு நெடுநாள் வேண்டும், பாசி நூலுக்கு 45 நாள், மணல்மேட்டுக்கு மூன்று வருடம். லிக்னினைப் பார்த்து ஆளைப் பிடியுங்கள்.

---

தங்கச்சிமடம்_டீக்கடை எழுதியது:

எருக்கம் பஞ்சிலும் இலவம் பஞ்சிலும் கயிறு திரிக்க முடியாதா? இங்கே எருக்குக்குப் பஞ்சமே இல்லை.

---

முறுக்கு_எண் எழுதியது:

பஞ்சில் முடியாது. அந்த இழை மெல்லிய சுவருள்ள வெற்றுக்குழாய், உள்ளே பெரும்பகுதி காற்று, மேலே மெழுகு. வழுக்கிவிடும், முறுக்கில் நிற்காது, மடக்கினால் நொறுங்கும். அதே காரணத்தால் தண்ணீரை விலக்கும், எண்ணெயை உறிஞ்சும். இலவம் பஞ்சை ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளில் அடைத்தார்கள். துறைமுகத்தில் சிந்துகிற டீசலை ஒற்றி எடுக்கத் தலையணை மாதிரி தைத்துப் போடலாம்.

எருக்கின் தண்டுப்பட்டையில் வருகிற நார் வேறு. அது பலமான நார், நூலாகும். ஆனால் பால் வடியும், கண்ணில் பட்டால் ஆபத்து. உரிக்கிற ஆளுக்குக் கூலி யார் தருவது?

---

வடகடல்_பாசி எழுதியது:

சரி, சோதனை போடலாம் என்று குழுவில் முடிவாகிவிட்டது. ஆய்வகம் எல்லாம் இல்லை. மீன் நிறுக்கிற சுருள்தராசு இருக்கிறது. எப்படிச் செய்தால் முடிவை நம்பலாம்?

---

முறுக்கு_எண் எழுதியது:

தராசு போதும். சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள்.

நீளம் ஒன்றாக இருக்கட்டும். ஒரே நாரில் ஒரு சாண் துண்டு, ஒரு முழத் துண்டைவிடப் பலமாகத் தெரியும். நீளம் கூடக் கூட எங்கோ ஒரு பலவீனமான இடம் அகப்படும் வாய்ப்பு கூடும், நூல் அங்கேதான் அறும். அட்டவணைகளில் சணலுக்கு 400 என்றும் 770 என்றும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் குறுக்குவெட்டு. தாவர நார் உருண்டையாகவே இருக்காது. பலகோணமாக, நடுவில் துளைகளோடு இருக்கும். விட்டத்தை அளந்து வட்டம் என்று கணக்குப் போட்டவர்கள் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அதனால் ஜவுளிக்காரர்கள் பரப்பை விட்டுவிட்டு எடையைப் பிடித்துக்கொண்டோம். 1000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெக்ஸ். தாங்கிய பாரத்தை டெக்ஸால் வகுத்தால் நூலுக்கு நூல் ஒப்பிடலாம். நீங்கள் பத்து மீட்டர் அளந்து நகைக்கடைத் தராசில் நிறுத்து நூறால் பெருக்குங்கள்.

முடிச்சுப் போட்டே இழுங்கள். பாசியை முடிச்சில்தான் கட்டப்போகிறீர்கள். முடிச்சு வளைவில் வெளிப்பக்க நார்களுக்கே பாரம் போய், நேர்நூலின் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் நிற்கும். விறைப்பான நாருக்கு இன்னும் மோசம். கடலிலிருந்து எடுத்த ஈரத்தோடேயே இழுங்கள், காயவிடாதீர்கள். வாரம் ஒரு தடவை ஒவ்வொரு வகையிலும் பத்துத் துண்டாவது. சராசரியைவிட, பத்தில் முதலில் அறுந்தது எத்தனையில் அறுந்தது என்று குறித்து வையுங்கள். பாசி போவது அந்த நூலில்தான்.

வகைகள்: காய்ச்சாத பச்சைப் பருத்தி நூல், பனிச்சங்காயில் காய்ச்சிய பருத்தி நூல், சணல், சணப்பை, அக்காவின் புறணி நார். கூடவே உங்கள் பழைய பிளாஸ்டிக் நூலும். பச்சைப் பருத்தி தோற்கும் என்பது என் ஊகம். இருந்தாலும் எந்த வாரம் தோற்கிறது என்று தெரிந்தால் காய்ச்சுவதன் பலன் எவ்வளவு என்று தெரியும். பாசி கட்டாமல் வெறும் நூலாகத் தொங்கவிடுங்கள். சும்மா_கேட்கிறேன் சொன்ன ஆபத்து இந்தச் சோதனையில் வேண்டாம்.

---

வடகடல்_பாசி எழுதியது:

பழைய மிதவை ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் போடுகிறோம். கடல் கலங்குகிற வாடைக்கு முன்னால் முடிக்கணும். சணப்பை நூல்தான் எங்கே என்று தெரியவில்லை. மண்டபத்தில் கேட்டால் எல்லாரும் சணலையே நீட்டுகிறார்கள். பனிச்சங்காயும் இந்தப் பக்கம் கண்ணில் படவில்லை.

---

கரைவலை_பேரன் எழுதியது:

சணப்பை விதை உரக்கடையிலேயே கிடைக்கும் அண்ணே, பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிறார்கள் அல்லவா, அதே செடி. வயல்காரர்கள் பூ எடுத்ததும் மடக்கி உழுதுவிடுவார்கள். திருவாடானைப் பக்கம் தெரிந்த ஒருவரிடம் ஒரு பாத்தியை மட்டும் உழாமல் விடச் சொல்கிறேன், காய் பிடிக்கட்டும். தண்டைக் கட்டிக் கண்மாயில் நாலைந்து நாள் அமுக்கி வைத்தால் பட்டை கழன்று வரும். கையால் திரிக்க அம்மாவுக்கு இன்னும் தெரியும்.

பனிச்சங்காய்க்குப் பதில் ஆவாரம்பட்டை போடுங்கள். நூலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு உடனே எடுக்காமல், இறக்கி ராத்திரி முழுக்க அதிலேயே ஆறவிடணும், காலையில் நிழலில் உலர்த்தணும். முடிச்சுக்கு வலை முடிச்சே போடுங்கள், ஒற்றை முடிச்சு ஈரத்தில் நழுவும். சாயல்குடி அக்கா நாரை மட்டும் நேரில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்சலில் வளைத்து மடக்கி அனுப்பினால் மடங்கின இடத்திலேயே பிளந்துவிடும்.